விட்டுப்போன துணைக்கால்

அக்கா பெற்ற ஒரே மகாராணிக்கு,

உன் ராக் பாட்டுக்காரர் செத்துப்போன துக்கத்தில் ஏழு கண்டத்து ஜனமும் என் அச்சக வாசலில் அழுதுகொண்டு நிற்கிறது. குறைத்துச் சொன்னால் நாற்பது பேர். ஊர்வலத்துக்கு அவருடைய புகழ்பெற்ற வரியைச் சுவரொட்டியாக அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணே, ஷட்டரைத் திறக்கிறீங்களா, உடைக்கவா?" என்கிறான் ஒரு தாடிக்காரன்.

"உடைச்சா மிஷினை நீயே ஓட்டு ராசா!" என்று கர்ஜித்தேன். கையோடு மேஜையை இழுத்து ஷட்டருக்கு முட்டுக்கொடுத்தேன்.

'வீட்டுக்குத் திரும்பாதே.' இதைக் கையில் பச்சை குத்திக்கொண்டுதானே நீ அக்காவோடு சண்டை போட்டுப் படியிறங்கினாய்? அவர் எழுதியது 'திரும்பாதோ'. முதல் கச்சேரிக்குப் பாட்டுத்தாள் அச்சுக் கோத்தவன் நான். கடைசித் துணைக்காலை விட்டுவிட்டேன். ஏக்கம் கட்டளையாகிவிட்டது. கூட்டம் தாளைப் பார்த்துக் கூரை பிய்யக் கத்தியது. மேடையில் அவர் ஒரு நொடி விழித்தார், பிறகு அவரும் அப்படியே பாடிவிட்டார். உலகப் புரட்சியை உண்டாக்கிய பெருமையில் நான் வாயை மூடிக்கொண்டேன். நீ பெட்டியைத் தூக்கிய அன்றும் திறக்கவில்லை.

அவர் கைப்பட எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன், பார்.

இன்று ஐந்நூறு சுவரொட்டியிலும் 'திரும்பாதோ' என்றே அடித்துவிட்டேன். இனி ஷட்டரைத் தூக்க வேண்டியதுதான். அவர்கள் என்னையே கிழித்துச் சுவரில் ஒட்டினாலும் ஒட்டட்டும்.

நீ என்னைக் கிழிக்குமுன் ஒன்று கேட்டுக்கொள். நம் வீட்டு வாசல் பூட்டு துருப்பிடித்து இழுபறி செய்கிறது. மாற்றலாமே என்றால் அக்கா விடமாட்டேன் என்கிறாள்.

"அவகிட்ட இதோட சாவிதான்டா இருக்கு."

இப்படிக்கு,
ஆறு வருடம் தாமதித்த உன் மாமா