சீனப் பொட்டலத்தில் அதிமதுரம்

கார்த்திகை, வியாழன் இரவு.

ஸ்ரீவில்லிபுத்தூர் மேரி டீச்சர் இன்று என் நாட்டு மருந்துக் கடைக்கு வந்தார். சிங்கப்பூரிலிருந்து மகள் அனுப்பிய சீனக் கஷாயப் பொட்டலம் தீரப்போகிறதாம்.

"ரெண்டு மாசமா வயித்துல கடமுடா இல்லண்ணே. குடலுக்கு எதிர்ப்புச் சக்தியாம். இதையே கட்டிக் குடுங்க."

அதில் ஒரு துண்டைக் கடித்தேன். நம் அதிமதுரம்தான். சாக்கிலிருந்து அள்ளக் குனிந்தபோது அவர் கால் கண்ணில் பட்டது. செருப்பு வார் பதிந்து வீங்கியிருந்தது. ஏன் வீக்கம் என்று கேட்டேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாராம்.

"இந்த அதிமதுரம் பிரஷர ஏத்தும், கால்ல நீர் கோக்கும் டீச்சர். இந்தப் பொட்டலத்தோட டாக்டரப் பாருங்க. பொறவு பேசுவோம்."

கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். போகட்டும். காலையில் அவர் வீட்டுக்காரருக்கே போன் போட்டுச் சொல்லிவிடுவேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. இருபது வருடமாக இருமலுக்கு அதிமதுரம் விற்கிறேன். தெரிந்திருந்தும், பிரஷர் உண்டா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. நாளை முதல் கேட்ட பிறகுதான் தராசில் கை வைப்பேன்.