அம்மா வாங்கிய வேட்டி

பண்டமாரான்,
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி ஜீவனுக்கு,

அக்கா எழுதுவது. எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. லாயர் சதீஷ்குமார் போன் செய்தார். உன் தூக்குத் தண்டனையைக் குறைக்கச் சொல்லிப் போட்ட மனுவை இருபதாம் தேதி புத்ராஜெயா கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் விசாரிக்கிறார்களாம். அன்றே முடிவும் சொல்லிவிடுவார்களாம். அதற்கு மேல் போக வேறு கோர்ட் இல்லை. அதைக் கேட்டதிலிருந்து போன் அடித்தால் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

அம்மாவோ வேறு உலகத்தில் இருக்கிறாள். ஹாலில் கிடந்த சோபாவைத் பக்கத்து வீட்டுத் தங்கமணிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். கிள்ளானுக்குப் பஸ் ஏறிப் போய் உனக்கு வேட்டி சட்டை வாங்கி வந்திருக்கிறாள். தண்டனை குறைந்தால் அன்றைக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைக்கிறாள் போல. குறைத்தாலும் இன்னும் ஆறு வருஷம் உள்ளேதான் என்று லாயர் சொன்னதை எப்படிச் சொல்வேன்? "வந்துடுவான்மா, வந்துடுவான்" என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
லோகேஸ்வரி


சிறையிலிருந்து,
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே தூக்குக் கைதிகள் பிளாக்கில் ஒரு வழக்கம் உண்டு. கோர்ட்டுக்குப் போகிறவர் தன் சோப்பு, பிஸ்கட் எல்லாவற்றையும் எங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போவார். தண்டனை குறைந்தால் வேறு பிளாக்குக்கு மாற்றிவிடுவார்கள், இங்கே திரும்ப மாட்டார். போன வாரம் பக்கத்து அறை நாகையா அண்ணன் போனார். சாயங்காலம் திரும்பி வந்துவிட்டார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சோப்பைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போதைப்பொருள் ஏற்றிய லோரியை ஓட்டியவனுக்கு அந்த மூன்று பேர் ஏன் இரங்க வேண்டும்? இந்தக் கடிதத்தையே மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. இல்லையென்றால் அந்தச் சட்டையோடு கோர்ட்டுக்கே வந்து நிற்பாள்.

உன் தம்பி,
ஜீவன்


பண்டமாரான்,
14 ஆகஸ்ட் 2024

தம்பி ஜீவனுக்கு,

சொல்லிவிட்டேன். அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "கொறைச்சாலும் அவன் இப்ப வரமாட்டான்லா. அந்தச் சட்டையை எடுத்து வைம்மா" என்றேன்.

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஜீன்ஸ் போடுற பிள்ளைக்கு யாருடி வேட்டி வாங்குவா? அது கோடித்துணி. குளிப்பாட்டிப் போடுறதுக்கு. ஹால்ல கெடத்த எடம் வேணாமா?"

தூக்குக்குத்தான் அவள் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறாள். தனியாக, எனக்குத் தெரியாமல். நான் சொன்ன பொய்யை ஒருநாளும் அவள் நம்பவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கோர்ட்டுக்குக் கட்டாயம் வருவேன் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

அக்கா


பண்டமாரான்,
21 ஆகஸ்ட் 2024

தம்பி,

இந்தக் கடிதத்தை லாயர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தூக்கு இல்லை, முப்பது வருஷம்தான், நீ உள்ளே இருந்த பதினாலு வருஷமும் நன்னடத்தைக் கழிவும் போக இன்னும் ஆறு என்று நேற்று அவர் என் காதில் சொன்னார். முருகா என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அம்மாவுக்குக் கோர்ட் மலாய் ஒன்றும் புரியவில்லை. உன் முகத்தை மட்டும்தான் பார்த்தாள். நீ குனிந்து தேம்பினாய். உடனே உன்னைக் கூட்டிப் போய்விட்டார்கள். தூக்குதான் என்று முடிவு கட்டிவிட்டாள். நானும் லாயரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். "நீ என்னைக்குடி உள்ளதைச் சொன்ன?" என்கிறாள். பேப்பரைக் காட்டினாலும் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. இந்த வயதில் இது தாங்குமா?

உன் கையெழுத்தைத்தான் நம்புவாள். லாயரை நிற்க வைத்து எழுதிக் கொடு.

அக்கா


22 ஆகஸ்ட் 2024

அம்மா,

நான்தான், ஜீவன். அக்கா சொன்னது நிஜம். எனக்குத் தூக்கு இல்லை. பிழைத்துவிட்டேன் என்றுதான் அழுதேன். உன் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், அதற்குள் கூட்டிப் போய்விட்டார்கள்.

இன்னும் ஆறு வருஷம் அம்மா. உனக்கு இப்போதே எழுபத்தொன்று. நேற்று முழுவதும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இப்போது வேறு பயம் இல்லை, இந்தப் பயம்தான்.

இதைப் படித்ததும் எழுந்து ஒரு வாய் சோறு சாப்பிடு. சாப்பிட்டாயா என்று அக்கா எழுதட்டும். அவள் எழுதினால் நான் நம்புவேன்.

உன் பிள்ளை,
ஜீவன்