அப்பா ஏறியது மலை அல்ல

அம்மருட், ஒஸ்லோ
14.10.2007

அன்பு மகன் ரிஷிகேசனுக்கு,

நீயும் அஜந்தாவும் குட்டி சாயும் கனடாவில் ஒரு குறையுமில்லாமல் இருக்க நல்லூர்க் கந்தன் துணை நிற்கட்டும். என் சுகத்தைக் கேட்டால், சமைக்கிறேன், குளிசை போடுகிறேன், இருக்கிறேன்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வியாழக்கிழமை முடிந்தது. லீவு கிடைக்கவில்லை என்றாய், சரி. செத்தவீட்டுக்கும் அதே லீவுதான் கிடைக்கவில்லை. உன் இடத்தில் நின்று கிரியை செய்தவர் அப்பாவோடு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்த குகநேசன். குறொன்லாண்ட் கடைகளில் மரக்கறி வாங்கி, மண்டபம் பிடித்து, எண்பது பேருக்குச் சமைத்ததும் அவரும் மனைவியும்தான். ஒரு போன் எடுத்து அவருக்கு நன்றி சொல்லு, அதையாவது செய்.

அப்பாவின் நினைவாக நீ அங்கே அச்சடித்து அனுப்பிய கல்வெட்டுப் புத்தகப் பெட்டி முதல்நாள் இரவுதான் வந்தது. வாசித்துப் பார்க்க நேரமில்லாமல் அப்படியே மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். அப்பாவின் படமும் தேவாரமும் வடிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டாம் பக்கத்தில் நோர்வேயின் பனிமலைகளை ஏறி வென்ற வீரர் என்று எழுதியிருக்கிறாயே, எந்த மலையடா? முழங்கால் நோவோடு அந்த மனிதர் ஞாயிறுதோறும் ஏறியது எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற கொல்லே, ஒரு சின்னக் குன்று. சுற்றிவர மரம், உச்சியில் மொட்டைப் பாறை, அவ்வளவுதான். இங்கே படித்த உனக்கு அந்தச் சொல் தெரியாதா? வந்த புதிதில் அவரும் வேலையிடத்தில் மலை ஏறினேன் என்று சொல்லப்போய், எல்லோரும் சிரித்து, மரம் முளைக்காத உயரத்துக்குப் போனால்தான் இஞ்சை மலை, உது வெறும் கொல்லே எண்டு விளங்கப்படுத்தினவையாம். ஊரில் கடற்கரை மட்டத்தில் கிடக்கிற கீரிமலையையே மலை என்று சொல்லி வளர்ந்த சனம் நாங்கள், எங்களுக்கு எங்கே தெரியும். அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் மாறிச் சொன்னதில்லை. கொல்லேக்குப் போட்டு வாறன் எண்டு தேத்தண்ணிப் பிளாஸ்கோடு வெளிக்கிடுவார். வியாழக்கிழமை பந்தியில் பாலேந்திரன் உன் வரியை உரத்து வாசித்து, பரமநாதன் எப்ப எவரெஸ்ட் ஏறினவர் எண்டு கேட்டார். இலைக்கு முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உன்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மிச்சமிருந்த நூற்றுப்பத்துப் புத்தகத்தையும் ஒருவருக்கும் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மூன்று நாளாக ஒவ்வொன்றிலும் அந்த வரியைப் பேனாவால் வெட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லேயில் போய் இருப்பார் என்று எழுதுகிறேன். கை உளைகிறது.

ஏன் போனார் என்று நீ கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, எனக்குக் குளிர் என்று வீட்டிலேயே நின்றுவிடுவேன். இன்று காலைதான் முதன்முதலாக ஏறினேன். மற்ற ஆட்கள் கடல் தெரிகிற பக்கம் பார்த்து இருக்கிறார்கள். அப்பா வழமையாக இருந்த பாறை மற்றப் பக்கம் என்று கூட வந்த குகநேசன் காட்டினார். அதிலிருந்து பார்த்தால் ரயில் நிலையம்தான் தெரிகிறது, இறங்கி வருகிற ஒவ்வொரு முகமும் தெரிகிறது. 2001இல் போகும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பேன் என்று நீதான் அவருக்குச் சொன்னாய். ஆறு வருசமாக அந்தக் கதையை நம்பியிருக்கிறார்.

கோபத்தில் எழுதினாலும் என் ஆசீர்வாதம் உங்கள் மூவருக்கும் எப்போதும் உண்டு. சாய்க்குக் காதை மூடித் தொப்பி போட்டுவிடு. ஆட்டைத் திவசம் வருகிற செப்ரெம்பரில் வரும், இப்போதே லீவு கேள். வந்தால் பெரிய மலைச் சப்பாத்து ஒன்றும் வாங்கிக்கொண்டு வராதே. வீட்டுச் செருப்போடு பத்து நிமிசத்தில் ஏறிவிடலாம்.

உன் அம்மா,
ராசமலர் பரமநாதன்