சேரின் எழுத்துப்பிழை

நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து மழை. வேலை பார்க்கிற கந்தோரில் இரண்டு தடவை கரண்ட் போனது. அந்தோனி சேர் தீவெல்லாம் நடந்து பென்சிலால் வரைந்த மண் வரைபடங்களை ஸ்கேன் பண்ணி, கணினியில் கோடு கோடாக மறுபடி வரைகிறேன். ஒரு கோடு இன்னொன்றில் முட்டாவிட்டால் உள்ளே நிறம் ஏறாது. கண் எரிச்சல்.

சேர் மண்ணில் புலி, தமிழில் எலி. பல இடத்தில் 'களப்பு மண்' என்று எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் 'கலப்பு மண்' என்று திருத்திவிட்டேன். மண்டபம் பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு நான்தான் முதல்.

நவம்பர் 6, புதன்

ஊர் திரும்பிய அகதிகளுக்கு வீடு கட்ட அரசாங்கம் தருவதாகச் சொன்ன இரண்டு காணியில் ஒன்றைப் படத்தில் பார்த்தே எடுத்தாயிற்று. கையெழுத்தும் போட்டேன். கலப்பு மண் பக்கம். மணலும் களியும் சேர்ந்தது, கிணறு நன்றாக ஊறும். அம்மா இன்னும் இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில்தான், அடுத்த மாதம் வருகிறாள். போனில் பெருமையடித்தேன்.

"தண்ணி உப்பில்லையோ பிள்ளை?"

"இல்லம்மா. மேப் போடுறதே நான்தானே."

வாங்க: சவர்க்காரம், குடை, அம்மா வாசலில் உட்கார ஒரு கதிரை.

நவம்பர் 8, வெள்ளி

வெயில். சேர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளை, இதென்ன கலப்பு? நான் எழுதினது களப்பு. கடல் தண்ணி உள்ளுக்கு வந்து நிக்குமே, அது."

எனக்குத் தெரிந்த சொல் காயல். இவ்வளவு நாளும் ஒருவரும் சொல்லவில்லை.

மத்தியானம் எங்கள் காணிப் படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். எங்கள் காணிக்கு அடியில் உப்புச் சேறு. பக்கத்து மேசை அக்கா: "திங்கள் வரைக்கும் காணியை மாத்தலாம், பயப்பிடாதை."

நவம்பர் 9, சனி

கதிரை வாங்கியாயிற்று. குடை மறந்துவிட்டது.

அம்மாவுக்குப் போன். அழுதுகொண்டே சொன்னேன். "தப்பு என்னோடதும்மா. களப்புன்னு ஒரு சொல் இருக்கிறதே எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை வேற காணி எடுத்துடுறேன்."

அம்மா கோபிக்கவில்லை.

"உனக்கெப்பிடித் தெரியும்? உன்ர அப்பாவும் நானும் களப்பிலதான் இறால் பிடிச்சனாங்கள். அவர் போனபிறகு அந்தச் சொல்லை நான் வாயில எடுக்கேல்லை."

பிறகு, "குடிக்கிற தண்ணி பவுசர் லொறியில வருமெல்லோ?"

"வரும்."

"அப்ப மாத்தாதை. வாசலில இருந்தால் களப்புத் தெரியுமோ?"

"ஓம்," என்றேன். போய்ப் பார்த்ததே இல்லை. நாளைக்குப் பூசை முடிந்ததும் போக வேண்டும், கதிரையை எந்தப் பக்கம் போடுவது என்று பார்க்க.