உங்க அக்காகிட்ட ஏன் சொன்னீங்க?

என்னங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க. குட்டிக்கு இருமல் மருந்து ஒரு மூடி போதும்.

கொரோனா வார்டுல கண்ணு முன்னாடி ஆளுங்க போறதைப் பாத்துப் பாத்து எனக்குத் தூக்கமே போச்சு. அதான் போன்ல கவுன்சலர்கிட்ட பேசுறேன்னு உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். இன்னைக்கு நீங்க குளிக்கும்போது உங்க அக்கா எனக்குப் போன் பண்ணி, "என்னம்மா, பைத்தியம் தெளிஞ்சுதா?"ன்னு சிரிக்கிறாங்க. உங்க முகத்தைப் பாத்துக் கேட்டா அழுதுடுவேன். அதான் சொல்லாம டியூட்டிக்குக் கிளம்பிட்டேன்.

கேஸ்காரர் வந்தா மாஸ்க் போட்டுட்டுக் கதவைத் திறங்க.

இன்னொண்ணு. "மனசு விட்டுப் பேச வீட்டுல யாராவது இருக்காங்களா?"ன்னு கவுன்சலர் முதல் நாளே கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் இருக்காருன்னு பெருமையாச் சொன்னேன். இன்னைக்கு மறுபடி கேட்டா என்னங்க சொல்லட்டும்?