எலி கடித்த கெண்டி

மார்ச் 5, செவ்வாய்

ஊர்க்கோடி மாமரத்தடியில் இன்று குழந்தைகளுக்கு எடை பார்த்தார்கள். கிளையில் தராசு, தராசில் துணித்தொட்டில், தொட்டிலில் எங்கள் ஜும்கி. அண்ணன் மகள், ஒன்றரை வயது ஆகப்போகிறது. முள் ஏறியதும் அண்ணன் மனைவி லாய்லி பாபிக்கு முகமெல்லாம் சிரிப்பு. சுகாதார ஊழியர் தஹ்மினா அக்கா மட்டும் சிரிக்காமல் ஜும்கியின் இடுப்புக் கயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"இது என்ன?"

"கண்ணு படக்கூடாதுன்னு தாயத்து," என்றாள் அம்மா.

"இது?"

"இரும்புச் சாவி. அதுவும் கண்ணுக்குத்தான். ரெண்டும் இந்த மாசம் கட்டினது."

"எந்தக் கோட்டைச் சாவிம்மா இது? கழட்டுங்க. நான் பிள்ளையத்தான் எடை போடணும், பூட்டை இல்ல."

கழற்றினார்கள். முள் போன மாதத்தைவிடக் கீழே போய் நின்றது. தாயத்தும் சாவியும்தான் இந்த மாதம் வளர்ந்திருக்கின்றன.

"வயித்தால போகுதா?"

"பல்லு முளைக்குது, அதான்," என்றாள் பாபி.

"இத்தன மாசமா முளைக்குதா? பெத்தது பிள்ளையா, முதலையா? சாப்பிடுறது உடம்புல தங்கினாத்தானே வளருவா. என்ன தண்ணி குடுக்கறீங்க?"

"பச்சை பூசின பம்புத் தண்ணி!" அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை.

"பச்சைன்னா ஆர்சனிக் இல்லன்னுதான் அர்த்தம். வேற அழுக்கு எதுவும் போகலன்னு பம்பு சத்தியம் பண்ணிக் குடுத்துச்சா?"

அடுத்த மாதமும் இறங்கினால் நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டுமாம். போன வருடம் அங்கே போன பக்கத்துத் தெருக் குழந்தை திரும்பி வரவில்லை. வீடு வரும்வரை பாபி ஜும்கியை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. அவளோ வழியெல்லாம் வாத்துகளோடு பேசிக்கொண்டு வந்தாள்.

மார்ச் 6

ஜும்கிக்கு மறுபடி வயிற்றுப்போக்கு. துணி துவைத்துத் துவைத்து என் கை வெந்துவிட்டது.

மார்ச் 10, ஞாயிறு

ஐயோ. எழுதலாமா இதை? இங்கேதானே எழுத முடியும். மைனா என்று பெயர் வைத்துவிட்டார்கள், நானோ அப்பாவிடம் உப்பு கேட்கவே ஜும்கியைத் தூது அனுப்புகிறவள். எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்றதில் எனக்கிருந்த ஒரே சந்தோஷம், இனி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாம் என்பதுதான்.

விஷயம் இது. கோடையில் நிலத்தடி நீர் இறங்கிவிடுகிறது. பம்பின் தோல் வாஷரோ தேய்ந்து வருடக்கணக்காகிறது. வெறுமனே அடித்தால் ஆஸ்துமாக்காரர் மாதிரி மூச்சுதான் வருகிறது. மேலே ஒரு கெண்டிக் குளத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு அடித்தால்தான் நீர் வரும். அதற்காகவே மூக்கு வைத்த மஞ்சள் பிளாஸ்டிக் கெண்டி ஒன்று பம்படியில் இருக்கிறது. கழிவறைக்கு இன்னொன்று. இரண்டையும் அப்பா சந்தையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கொண்டுவந்தார். அச்சாக ஒரே மாதிரி. ஒன்றின் விளிம்பை மட்டும் எலி கடித்திருக்கிறது.

எலி கடித்தது பம்புக்கு. எனக்கு அம்மா சொன்னது.

இன்று காலை பாபி கழிவறையிலிருந்து வருகிறாள். கையில் எலி கடித்தது!

"பாபி... அது பம்புக் கெண்டி இல்லையா?" என்று காதோடு கேட்டேன்.

"ச்சீ! எலி கடிச்சது கக்கூசுக்குடி. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அப்படித்தான்."

பாபி வந்து மூன்று வருடம் ஆகிறது.

மார்ச் 11

அம்மாவிடம் சொல்லப் போனேன். "அம்மா, கெண்டி..." என்று ஆரம்பிக்கும்போதே அப்பா உள்ளே வந்துவிட்டார். கழிவறைப் பேச்சை அப்பா முன்னால் எப்படிப் பேசுவது? "கெண்டி... அழகா இருக்கு," என்று முடித்தேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

அப்பா எதை எடுக்கிறார் என்றும் ஒளிந்திருந்து பார்த்தேன். எது கைக்குக் கிட்டே இருக்கிறதோ அது.

நான் இனி தண்ணீரே குடிக்கப் போவதில்லை.

மார்ச் 12

குடித்துவிட்டேன். என்ன வெயில்! ஜும்கிக்கு மட்டும் ரகசியமாகக் கொதிக்கவைத்துக் கொடுக்கிறேன். ஆனால் அவள் குளிக்கும்போது வாளியிலிருந்து குடிக்கிறாள், என் துப்பட்டாவைப் பிழிந்தும் குடிக்கிறாள்.

மார்ச் 14, வியாழன்

யோசனை: வாய் திறக்காமல் காரியம் முடிய வேண்டும். எலி கடிக்காத கெண்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டி, பம்படியில் வைத்தேன். கயிறு இருந்தால் நல்லது என்று எல்லோருக்கும் தானாகப் புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அம்மா போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக் கோமேலா சித்தி வேலியைத் தாண்டியே வந்துவிட்டாள்.

"சூனியம்! எவளோ என் பேத்திக்குச் சூனியம் வெச்சுட்டா!"

"தொடாதீங்க அக்கா! தொட்டா கையி கருத்துடும்," என்றாள் சித்தி.

பள்ளிவாசல் இமாமைக் கூட்டி வந்தார்கள். கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கயிற்றை இழுத்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார்.

"இது சூனியம் இல்லம்மா. சல்வார் நாடா."

எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். நானும்தான். என் பழைய சல்வாரின் நாடா அது. மண்ணே பிளந்து என்னை விழுங்கு என்று நின்றேன். பிளக்கவில்லை. நாடாவை அடுப்பில் போட்டார்கள். இரண்டு கெண்டியும் பழையபடி.

மார்ச் 18, திங்கள்

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

விடியற்காலையில் இரண்டு கெண்டிகளையும் எடுத்துப் பஞ்சாரத்துக்குள் கோழிக்குப் பின்னால் ஒளித்தேன். கெண்டி இல்லையென்றால் புதிதாக வாங்கித்தானே ஆக வேண்டும்? அப்பாவுக்கு அவசரம் வரும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

"கெண்டி எங்க? ஏய், எவ எடுத்தா? கெண்டி!" லுங்கியைப் பிடித்துக்கொண்டு அப்பா முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார். கடைசியில் விருந்தாளிகளுக்குச் சர்பத் ஊற்றும் கண்ணாடி ஜக்கைத் தூக்கிக்கொண்டு போனார். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "என் கல்யாணச் சீரு!"

"திருடன்தான்," என்றாள் பாபி.

"கெண்டி திருடறவன் எப்பேர்ப்பட்ட கஷ்டத்துல இருக்கணும்! ஜின்னுதான்," என்றாள் கோமேலா சித்தி. அவளுக்கு எங்கள் வீட்டில் எது நடந்தாலும் எப்படித்தான் மூக்கில் வேர்க்கிறதோ.

எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க, ஜும்கி தரையைப் பார்த்தாள். பஞ்சாரத்தைத் தள்ளினாள். கோழி பறந்தது. எலி கடித்த கெண்டியை இழுத்து, அண்ணாந்து, அதன் மூக்கை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அது கக்கூஸ் கெண்டி!"

யார் கத்தியது? நான்தான். வாத்துகள் குளத்தில் குதித்தன. ஜக்கோடு வெளியே வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

"ஏண்டி கத்தற? எலி கடிச்சது பம்புக்குத்தானே," என்றாள் அம்மா.

"இல்ல அத்தை, கக்கூசுக்கு," என்றாள் பாபி.

"பம்புக்கு."

"கக்கூசுக்கு!"

இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா ஜக்கைப் பார்த்தார்.

வாய் ஒரு தடவை திறந்துவிட்டால் மூடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. "மூணு வருஷமா! ஆளுக்கு ஒண்ணு! அப்பாவுக்கு ரெண்டும்! அதத்தான் பம்புல ஊத்தி, அதத்தான் குடிச்சு, அதத்தான் பிள்ளைக்கும் குடுத்தோம்! பல்லும் இல்ல, கண்ணும் இல்ல, தண்ணி! தண்ணிதான்!" என்று அழுதுகொண்டே கத்தினேன்.

அம்மா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். "அப்ப... காலையில குடிச்ச டீ?"

"காலையில குடிச்சது மட்டுமா," என்றாள் பாபி.

கோமேலா சித்தி வேலியோரம் போய் வாந்தி எடுத்தாள். எங்கள் வீட்டில் தினமும் டீ குடிப்பவள் அவள்தானே.

டாக்காவில் இருக்கும் அண்ணனுக்குப் பாபி போன் போட்டாள். "ஏன், ரெண்டுக்கும் ஒண்ணுதானே வெச்சிருந்தோம்?" என்றானாம்.

மார்ச் 19

அப்பா சந்தைக்குப் போய், பம்புக்குப் புதுத் தோல் வாஷரும் மெக்கானிக்கும் கொண்டுவந்தார். இனி மேலே ஊற்றாமலே நீர் வரும். சேதி கேட்டு வந்த தஹ்மினா அக்கா, சுத்தமான பாத்திரத்தில் குளத்துத் தண்ணீரை ஊற்றினாலும் இதே கதைதான் என்று திட்டிவிட்டு, குழாய்க்குள் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றச் செய்து நாள் முழுக்க அடித்து வெளியேற்ற வைத்தார். குடிக்கிற தண்ணீரில் போட குளோரின் வில்லைகளும் கொடுத்தார்.

"டீ நாறுதே," என்றாள் அம்மா.

"நாறட்டும். இத்தன நாளு நாறாமக் குடிச்சது போதும்," என்றார் அப்பா.

மார்ச் 27

வயிற்றுப்போக்கு நின்றிருக்கிறது. பாபி கிச்சடியில் முட்டையை மசித்துக் கொடுத்தாள். ஜும்கி தின்றுவிட்டு என் பங்கைப் பார்த்தாள். கொடுத்தேன். அதையும் தின்றுவிட்டுத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மாமரத்தடி. இந்தத் தடவை அம்மா தானே சாவியைக் கழற்றினாள். முள்ளைப் பார்த்ததும் தஹ்மினா அக்கா ஜும்கியைத் திரும்ப ஒரு முறை தொட்டிலில் வைத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் இங்கயே வாங்க, போதும்," என்றார். பாபி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னக்கா, பிள்ளை தேறிட்டாளா?" என்று வழியில் கோமேலா சித்தி கேட்டாள்.

"எங்க தேறினா! காக்காக் குஞ்சு மாதிரி அப்படியேதான் கெடக்கா," என்றாள் அம்மா, ஊருக்கே கேட்கிற மாதிரி. வாயெல்லாம் பல்.

வரப்பு நெடுக நான்தான் ஜும்கியைத் தூக்கி வந்தேன். பாதி வழியிலேயே கை கடுத்தது. இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றி வைத்தேன், அப்புறம் திரும்ப இந்த இடுப்புக்கு. பாபியிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் கை வலிக்கிறது என்று சொன்னால் பிள்ளை கனக்கிறாள் என்று சொன்னதாகிவிடும்.

வாயைத் திறக்கவே இல்லை.