வலிக்காத புண்

திண்டுக்கல்,
17-7-1958.

அன்புள்ள தம்பி நூர் அகமதுவுக்கு, ராயப்பராஜ் வாத்தியார் எழுதுவது. நான் சுகம். உன் சுகத்தைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

மாசி மாதம் பேகம்பூர் டீக்கடையில் நீ என்னை ஒன்று கேட்டாய். பேச்சிமுத்துவின் பின்கழுத்தில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, நடுவில் கரியை அப்பியதுபோல் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு வா என்று நான் அவனை அழைத்தேன். "வலிக்காத புண்ணுக்கு எதுக்கு வாத்தியாரே ஆஸ்பத்திரி? தச்சனுக்குக் கை காய்க்கும், தோல் சுமக்கிறவனுக்குக் கழுத்து காய்க்கும்" என்றாய் நீ. அவனும் சிரித்தான். இரண்டு பேரும் ஒரே கிடங்கில் ஒரே சுமை சுமக்கிறவர்கள், தெரியாமலா சொல்வார்கள் என்று நானும் மூன்று நாள் விட்டுவிட்டேன். நான்காம் நாள் அவனுடைய கழுத்தும் முகமும் வீங்கின. ஆறாம் நாள் அவன் இல்லை.

இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான்காம் நாள் என்னோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் அவன் சீயக்காய் தேய்த்துக் குளித்து, கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டான். தோல்ஷாப்பு ஆள் என்று தெரிந்தால் நாற்றம் என்று வெளியே மரத்தடியில் நிற்க வைத்துவிடுவார்களாம். "தோட்டத்துல முள்ளு குத்திருச்சுன்னு சொல்லுங்க வாத்தியாரே, ஒங்க வாயால சொன்னா நம்புவாக" என்றான். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அதட்டிய வாயால் நான் அதைச் சொன்னேன். சீட்டில் முள் என்றே எழுதிக்கொண்டார்கள். முள் குத்திய புண்ணுக்குரிய களிம்பைத்தான் தடவினார்கள்.

மாயம்மாள் புருஷன் சாவுக்கு நஷ்ட ஈடு கேட்டுப் போட்ட மனு நேற்று மதுரையில் தொழிலாளர் கமிஷனர் முன்னால் விசாரணைக்கு வந்தது. முதலாளி தரப்பு வக்கீல் அந்தச் சீட்டைத்தான் நீட்டினார். முள் குத்தியதற்கு முதலாளி என்ன செய்வார், முள்ளையா வேலைக்கு வைத்திருந்தார் என்று கேட்டார். அது நான் சொன்ன பொய் என்று எழுந்து சொன்னேன். பொய் சொன்னது அன்றைக்கா இன்றைக்கா என்றார்.

அப்புறம் நம் தரப்பில் ஒரு டாக்டர் வந்தார். மாட்டுக்கு அடைப்பான் வருகிறதே, அதே நோய் செத்த மாட்டின் தோலிலிருந்து மனிதனுக்கும் வரும் என்றார். அந்த மாசியில் செம்பட்டிப் பக்கம் மாடுகள் கூட்டமாகச் செத்ததும், அந்தத் தோல்கள் உங்கள் கிடங்குக்கு வந்ததும் உனக்கு நினைவிருக்கும். புண்ணின் நடு கறுக்கும், சுற்றி வீங்கும், ஆனால் வலிக்காது, வலிக்காததுதான் அடையாளம், பென்சிலின் ஊசி சீக்கிரம் போட்டால் பிழைக்கலாம் என்றார். அந்தக் கிருமி காய்ந்த தோலிலும் சாக்கிலும் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். வக்கீல் மறுபடி முள் என்று ஆரம்பித்தார். மாயம்மாள் எழுந்து, "ஏன்யா, மாட்டுக்கு வந்தா அடைப்பான், மனுசனுக்கு வந்தா முள்ளா?" என்றாள். கமிஷனர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தத் தோலைப் பேச்சிமுத்து சுமந்ததைப் பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்டு, முப்பதாம் தேதிக்கு வாய்தா போட்டார். பார்த்தவன் நீ ஒருவன்தான்.

சாட்சி சொல்ல வா என்று உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். வீட்டில் உன் கடிதம் காத்திருந்தது. ஆம்பூரில் வேலை நன்றாக இருக்கிறது, வீட்டுக்காரி நர்கீஸ் ஊருக்குப் பழகிவிட்டாள், மாயம்மாள் ஞாபகமாகக் கொடுத்த பேச்சிமுத்துவின் சாக்கைத்தான் தலையில் மடித்துப் போட்டுச் சுமக்கிறேன் என்று எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு வரி: "கழுத்தில் பூச்சி கடித்துச் சின்னக் கொப்புளம், கறுத்திருக்கிறது, வலி ஒன்றும் இல்லை, கவலைப்பட வேண்டாம்."

அந்த வரியைப் படித்தபோது தபாலாபீஸ் மூடியிருந்தது. இன்று தபாலாபீஸ் திறந்ததும் தந்தி கொடுத்துவிட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்பதற்கு மேல் தந்தியில் என்ன சொல்ல முடியும்? வாத்தியாருக்கு வயதாகிவிட்டது என்று நீ சிரித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பாய். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வகுப்பில் அழுகிற பிள்ளையைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை. சத்தமில்லாமல் கடைசி பெஞ்சில் தலை சாய்த்திருக்கும் பிள்ளையின் நெற்றிதான் கொதிக்கும். உன் புண்ணும் அப்படிச் சத்தமில்லாமல் இருக்கிறது.

அந்தச் சாக்கைத் தொடாதே. நர்கீஸைத் துவைக்கவும் சொல்லாதே. டாக்டரிடம் தோல்ஷாப்பில் சுமை தூக்குகிறேன் என்று முதல் வார்த்தையாகச் சொல். அடைப்பான் என்றும் சொல். மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்தட்டும். வெளியே நிற்கச் சொன்னால் நில், ஊசி போடாமல் மட்டும் திரும்பாதே.

முப்பதாம் தேதியைப் பற்றி நீ இப்போது யோசிக்க வேண்டாம். நான் ஜெபம் செய்கிறேன். நர்கீஸை துஆ கேட்கச் சொல். எந்த வாசல் முதலில் திறந்தாலும் சரி.

நீ எதையும் உன் கையால் பார்த்தால்தான் நம்புகிறவன். ஆகவே இந்தக் காகிதத்தை மடிக்குமுன், அந்தக் கறுப்பின்மேல் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்திப் பார். வலிக்கவில்லை என்றால், சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகத் தபால்காரர் வழியைப் பார்த்திருக்கும்
ராயப்பராஜ்